நீக்குவது உங்கள் உரிமை. காரணம் சொல்வது உங்கள் கடமை

பெரிய இணையத் தளங்களை நடத்துவோருக்கும், அவற்றின் விதிகளை எழுதும் கொள்கைப் பிரிவினருக்கும், மட்டுறுத்தல் (பதிவுகளைப் பார்த்து, விதி மீறியவற்றை நீக்கும்) பணியை மேற்பார்க்கும் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பதிவு நீக்கப்பட்ட பயனர் "என் கருத்துச் சுதந்திரத்தைப் பறித்துவிட்டார்கள்" என்கிறார். "இது தனியார் தளம், விதிமுறைகளுக்கு ஒப்புக்கொண்டுதானே உள்ளே வந்தீர்கள்" என்கிறீர்கள் நீங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. சட்டப்படி பார்த்தால் உங்கள் பதிலுக்குத்தான் வலு அதிகம். அதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறோம். நாங்கள் கேட்க வந்தது வேறொன்று.

அரசமைப்புச் சட்டங்கள் தரும் பேச்சுரிமை, அடிப்படையில் அரசின் கையைக் கட்டுவதற்கானது. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் காங்கிரசுக்குத்தான் தடை போடுகிறது, நிறுவனங்களுக்கு அல்ல. தனியார் இடத்திலும் அந்த உரிமை செல்லும் என்று வாதாடுவோர் எடுத்துக்காட்டும் வழக்கு, 1946-இல் தீர்ப்பான 'மார்ஷ் எதிர் அலபாமா'. அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்ற ஊர் முழுவதும் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்துக்குச் சொந்தம்: தெரு, வீடு, கடை, சாக்கடை வரை. அங்கே நடைபாதையில் நின்று மதப் பிரசுரம் கொடுத்த கிரேஸ் மார்ஷ், அத்துமீறி நுழைந்ததாகத் தண்டிக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஓர் ஊரையே நடத்துகிற நிறுவனம், சொத்துரிமையைக் காட்டி ஊராரின் பேச்சுரிமையைத் தள்ளிவிட முடியாது என்றது.

பெருந்தளங்கள்தானே இன்றைய சிக்கசா என்று கேட்பவர்களின் ஆதங்கம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு பின்னாளில் விரியவில்லை, சுருங்கியது. வணிக வளாகங்களுக்கு அது பொருந்தாது என்று 1976-இல் முடிவானது. பிறர் பேச இடம் கொடுப்பதாலேயே ஒரு தனியார் அமைப்பு அரசாகிவிடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையே 2020-இல் யூடியூப் தொடர்பான வழக்கில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நேரடியாகப் பொருத்திக் காட்டியது. 2024-இல் 'மூடி எதிர் நெட்சாய்ஸ்' வழக்கில், எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது, எந்த வரிசையில் காட்டுவது என்று தளம் செய்யும் தேர்வே அதன் சொந்தக் கருத்து வெளிப்பாடுதான் என்ற நிலைப்பாட்டைப் பெரும்பான்மைத் தீர்ப்பு எடுத்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2003-இல் 'ஆப்பிள்பி' வழக்கில், தனியார் வணிக வளாகத்தில் கையெழுத்து இயக்கம் நடத்த அனுமதி மறுக்கப்பட்டதை உரிமை மீறலாகக் கொள்ளவில்லை.

நீக்கும் உரிமை உங்களுக்கு இருக்கத்தான் வேண்டும் என்று நாங்களும் நினைக்கிறோம். 1991-இல் காம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் மீதான அவதூறு வழக்கு தள்ளுபடியானதற்குக் காரணம், அது எதையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை என்பது. 1995-இல் அதே போன்ற புரோடிஜி நிறுவனம் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், அது மட்டுறுத்தியது என்பது. குப்பையைக் கூட்டியவருக்குத் தண்டனை, கூட்டாதவருக்கு விடுதலை என்ற அந்த நிலையை மாற்றத்தான் 1996-இல் அமெரிக்கா, பயனர் எழுதியதற்குத் தளத்தைப் பொறுப்பாக்காத 230-ஆம் சட்டப் பிரிவைக் கொண்டுவந்தது. மட்டுறுத்தலே இல்லாத இடம் சில வாரங்களில் எப்படி ஆகும் என்பது இந்தப் பணியில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். முதலில் விளம்பரக் குப்பை வரும். பிறகு ஆபாசம், வீட்டு முகவரிகள், மிரட்டல்கள். முதலில் வெளியேறுவோர் பெண்கள், சிறுபான்மையோர், ஏற்கெனவே தாக்கப்பட்டவர்கள். சத்தம் போடத் தெரிந்தவருக்கு மட்டுமே எஞ்சும் இடத்தைச் சுதந்திரமான இடம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

ஆகவே எங்கள் கேள்வி, நீக்கலாமா கூடாதா என்பதல்ல. எப்படி நீக்குகிறீர்கள் என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு நாங்கள் படித்தவற்றில் மிகத் தெளிவான பதில் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2021 ஜூலை 29-இல் ஃபேஸ்புக் தொடர்பான இரண்டு வழக்குகளில் தந்தது. நீக்கப்பட்டவை குடியேறிகளை இழிவுபடுத்திய பதிவுகள். அவற்றின் உள்ளடக்கத்துக்காக நாங்கள் ஒரு சொல்லும் பேசமாட்டோம். நாட்டின் குற்றவியல் சட்டத்தைவிடக் கடுமையான விதிகளை வைத்துக்கொள்ளத் தளத்துக்கு உரிமை உண்டு என்றே நீதிமன்றமும் சொன்னது. ஆனாலும் அந்தப் பதிவுகளைத் திரும்ப வைக்கச் சொன்னது. காரணம், நீக்குவதற்கு உரிய நடைமுறை இல்லாததுதான். பதிவை நீக்கினால் பின்னராவது பயனருக்குத் தெரிவிக்க வேண்டும். கணக்கை முடக்குவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, அதைப் படித்துப் புதிதாக முடிவெடுக்க வேண்டும். இந்த உறுதிமொழி ஒப்பந்தத்தில் இல்லாததால், நீக்கும் விதியே செல்லாது என்றது. நியாயமான விதி, வெறுக்கத்தக்க பதிவு, இரண்டும் இருந்தும் முறை இல்லாததால் தளம் தோற்றது. உங்கள் சட்டப் பிரிவினர் இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் படித்திருப்பார்கள். அது உங்கள் மட்டுறுத்தல் பிரிவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் எங்கள் கவலை.

நீக்கல் அறிவிப்பிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான அறிவிப்புகள் இப்படித்தான் இருக்கின்றன: "உங்கள் பதிவு எங்கள் சமூக நெறிகளை மீறுகிறது. மேலும் அறிய இங்கே அழுத்தவும்." அழுத்தினால் எல்லா விதிகளும் இருக்கும் பக்கம் திறக்கிறது. எந்தப் பதிவு என்பதுகூடச் சில நேரம் தெரிவதில்லை, ஏனென்றால் பதிவே மறைந்துவிட்டது. இதைப் படித்த பயனர் என்ன திருத்திக்கொள்வார்? தனக்குப் பிடிக்காத அரசியல் காரணத்துக்காக நீக்கினார்கள் என்றுதான் முடிவு கட்டுவார். உங்கள் மீதான பாதி ஐயங்களை உங்கள் அறிவிப்பே விதைக்கிறது.

உருப்படியான அறிவிப்பு எப்படி இருக்கும்? ஒன்றை எழுதிக் காட்டுகிறோம்:

"மார்ச் 3 காலை 10.40-க்கு நீங்கள் இட்ட பதிவை நீக்கியுள்ளோம். அதன் இரண்டாம் பத்தியில் ஒரு தனிநபரின் வீட்டுக் கதவு எண்ணும் தெருப்பெயரும் உள்ளன. இது விதி 4.2-இன் கீழ் வருகிறது: பிறர் முகவரியை அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது. இன்னொரு பயனரின் புகாரின் பேரில் இதைப் பார்த்தோம். முடிவெடுத்தவர் தமிழ் படிக்கத் தெரிந்த பணியாளர். நீக்கம் எல்லா நாடுகளுக்கும் பொருந்தும். முகவரியை எடுத்துவிட்டு மீதியை நீங்கள் மறுபடி இடலாம். பதிவின் நகல் கீழே உள்ளது. முடிவு தவறு என்று நினைத்தால் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். வேறொரு பணியாளர் பார்ப்பார்."

இதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. பதிவின் நகல் இல்லாமல் பயனரால் வாதாட முடியாது. விதி எண் இல்லாவிட்டால் மேல்முறையீட்டை விசாரிப்பவர் புதிதாக ஒரு விதியைத் தேடிப் பொருத்திவிடுவார். காரணம் நடுவில் மாறும். எடுத்தது மனிதரா எந்திரமா என்று சொல்லாவிட்டால் பிழை எங்கே என்று யாருக்கும் தெரியாது. எதை எடுத்தால் மீதி நிற்கும் என்ற வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது எங்கள் கருத்து. பேச்சை முழுதாக அழிப்பதற்கும், வரம்பு மீறிய ஒரு துண்டை மட்டும் தடுப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இது எங்கள் கற்பனை இல்லை. 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், 17-ஆம் பிரிவில் ஏறக்குறைய இத்தனையையும் கேட்கிறது: என்ன நடவடிக்கை, எந்த நாட்டில், எவ்வளவு காலம், எந்த உண்மைகளின் அடிப்படையில், எந்திரம் பயன்பட்டதா, எந்தச் சட்டம் அல்லது எந்த ஒப்பந்த விதி, முறையிட என்ன வழி. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளும், 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள சமூக ஊடகத் தளங்கள் தாமாகப் பதிவை நீக்கும்போது காரணத்தோடு தெரிவிக்கவும், மறுத்துப் பேச வாய்ப்புத் தரவும் சொல்கின்றன. உங்களில் பலரிடம் இந்த வசதி ஐரோப்பியப் பயனருக்காக ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்கும் அதைத் திறந்துவிடுவது பெரும்பாலும் ஒரு முடிவுதான். புதிதாகக் கட்ட வேண்டிய ஒன்றல்ல.

காரணம் சொன்னால் விளம்பரக் குப்பைக் கும்பல் அதைப் படித்துத் தப்பிக்கும் என்பீர்கள். சரியான கவலை. ஐரோப்பியச் சட்டமே, ஏமாற்று நோக்கில் மொத்தமாகக் கொட்டப்படும் வணிக உள்ளடக்கத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று விலக்கு வைத்திருக்கிறது. அந்த விலக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதர் தன் சொந்தச் சொற்களில் எழுதிய பதிவுக்கு அதை நீட்டாதீர்கள்.

அடுத்து மேல்முறையீடு. முதல் முடிவை எடுத்தவரே, அல்லது முதல் முடிவை எடுத்த அதே தானியங்கி வடிகட்டியே, மறுபடி பார்ப்பதற்குப் பெயர் மேல்முறையீடு இல்லை. ஐரோப்பியச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, எந்திரத்தை மட்டும் வைத்து இதை முடிக்கக் கூடாது என்கிறது. ஆனால் மனிதர் பார்த்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ளவும் முடியாது. முறையீடு வென்ற பிறகு எதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான தளங்கள் சறுக்குகின்றன. பதிவு திரும்ப வரும். ஆனால் கணக்கின் மீது விழுந்த எச்சரிக்கைப் புள்ளி அப்படியே இருக்கும், ஏனென்றால் அது வேறு அட்டவணையில் பதிவாகியிருக்கிறது. நேரலைத் தடை தொடரும். விளம்பர வருமானம் நின்றது நின்றதுதான். ஆறு மாதம் கழித்து அடுத்த சிறு பிழைக்கு, பழைய தவறான புள்ளியையும் சேர்த்து எண்ணிக் கணக்கு முடங்கும். ஒரு முறையீடு வென்றால் அதிலிருந்து கிளைத்த எல்லா விளைவுகளும் ஒரே சொடுக்கில் ரத்தாகும்படி அமைப்பைக் கட்டுங்கள்.

படங்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு படத்தை விதிமீறல் என்று முடிவு செய்து அதன் ரேகையை (படத்தை அடையாளம் காட்டும் எண்குறியை), அதே படத்தைத் தேடிப் பிடிக்கும் பட்டியலான பொருத்து வங்கியில் சேர்த்துவிட்டால், அதே படத்தை யார் போட்டாலும் தானாகவே போகும். கொலம்பியாவில் காவல்துறையின் வன்முறையை விமர்சித்த ஒரு கேலிச்சித்திரம், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் வங்கியில் இப்படித் தவறாகச் சேர்ந்தது. 215 பேர் முறையிட்டார்கள். அவற்றில் 98 சதவீதம் வென்றன. ஆனாலும் மெட்டாவின் நீக்க முடிவுகளை மறுஆய்வு செய்யும் மேற்பார்வை வாரியம் வழக்கை எடுக்கும் வரை படம் வங்கியிலேயே இருந்தது. வாரியம் 2022-இல் இதை வெளிப்படையாகப் பதிவு செய்தது. ஒவ்வொரு முறையீட்டையும் தனித்தனியாக வெல்லவைத்து, பிழையின் மூலத்தை மட்டும் விட்டுவைத்த அமைப்பு அது. வங்கியில் உள்ள ஒரு ரேகை மீதான முறையீடுகளில் மூன்று தொடர்ந்து வென்றால் அந்த ரேகை தானாக நிறுத்திவைக்கப்பட்டு மனிதப் பார்வைக்குப் போக வேண்டும். எண் மூன்றா ஐந்தா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஓர் எண் இருக்க வேண்டும்.

கணக்கு முடக்கம் பதிவு நீக்கம் போன்றதல்ல. கணக்கோடு பல ஆண்டுப் படங்கள், தொடர்புகள், காசு கொடுத்து வாங்கியவை, அந்தக் கணக்கைக் கொண்டு உள்நுழையும் வேறு சேவைகள் எல்லாம் போகின்றன. ஆகவே படிப்படியாகச் செல்லுங்கள்: எச்சரிக்கை, பிறகு குறிப்பிட்ட ஒரு வசதிக்கு மட்டும் தடை, பிறகு முடியும் தேதி குறிப்பிட்ட தற்காலிக முடக்கம், கடைசியாக நிரந்தர முடக்கம். நிரந்தரமாக முடக்கினாலும், சொந்தத் தரவைப் பதிவிறக்கிக்கொள்ள 30 நாளாவது படிக்க மட்டும் முடிகிற நிலையில் கணக்கைத் திறந்து வையுங்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்கள், உடனடி உயிராபத்து உண்டாக்கும் மிரட்டல், களவாடப்பட்ட கணக்கு ஆகிய மூன்றுக்கும் இந்தப் படிகள் பொருந்தா. அவற்றில் முதலில் மூடுங்கள், பிறகு பேசுங்கள்.

இனி மொழி. இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கே இதுதான் காரணம்.

2017-இல் மியான்மரில் ஃபேஸ்புக் ஓர் இனவசைச் சொல்லைத் தடை செய்தது. வசைபாடியவர்களின் பதிவுகளோடு, அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியவர்களின் பதிவுகளும் போயின. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் உண்மை அறியும் குழு, அந்த நாட்டில் பரவிய வெறுப்புப் பேச்சை ஃபேஸ்புக் மெதுவாகவும் பயனற்ற முறையிலும் எதிர்கொண்டது என்று கூறியது. தேவையற்றதை நீக்குவதும் தேவையானதை விடுவதும் ஒரே தளத்தில், ஒரே மொழியில், ஒரே காலத்தில் நடந்தன. மொழி தெரியாத மட்டுறுத்தலில் இவை இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

தமிழில் அது எப்படி நிகழ்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வன்முறை மிரட்டலைப் பிடிக்க 'வெட்டு' என்ற எழுத்துத் தொடரைத் தடைப்பட்டியலில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்வெட்டு பற்றிய வரலாற்றுக் குறிப்பு சிக்கும். மின்வெட்டு பற்றிய புகார் சிக்கும். வெட்டுக்கிளி சிக்கும். "வெட்டிடுவேன்" என்ற நேரடி மிரட்டல் தப்பிவிடும், ஏனென்றால் அங்கே 'டு' இல்லை, 'டி' இருக்கிறது. "வெட்டப் போறேன்" என்பதும் தப்பிவிடும். 'கொலை' என்று போட்டால் தற்கொலைத் தடுப்பு ஆலோசனைப் பதிவுகள் எல்லாம் மாட்டும். மிகவும் தேவையான நேரத்தில் தேவையானவருக்கு அவை போய்ச் சேரா. தமிழில் விகுதிகள் சொல்லின் வாலில் ஒட்டி அதன் வடிவத்தையே மாற்றுகின்றன. முன்னால் ஒரு சொல் ஒட்டினால் பொருளே மாறுகிறது. எழுத்துத் தொடரைத் தேடும் வடிகட்டிக்கு இரண்டும் தெரியாது. சொல்லை வேர், விகுதி என்று பிரித்துப் பார்க்கும் பகுப்பாய்வி ஒன்று நடுவில் இல்லாமல் தமிழுக்குத் தடைப்பட்டியல் வைக்காதீர்கள்.

ஒருங்குறியிலும் (யூனிகோடிலும்) கவனம் வேண்டும். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் (0BCA) எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடுகளாகவும் (0BC6, 0BBE) எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. வடிகட்டிக்கு வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன் எழுத்தை என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படி இரு விதமாக எழுதியதை ஒரே குறியீடாக்கும் ஒருங்குறித் தரத்துக்கு) மாற்றுவது அடிப்படை வேலை. ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாக 'ள' எழுத்தையே போட்டுவிட்டால் அந்த மாற்றமும் உதவாது. அதற்குத் தனி அட்டவணை வேண்டும். எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல இணைப்பிகளை நுழைத்துத் தப்பிப்போரும் உண்டு. அவற்றை முதலிலேயே களைந்துவிடுங்கள். ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவோர் ஒரே சொல்லை ஐந்தாறு விதமாக எழுத்துக்கூட்டுவார்கள். அதை ஆங்கில வடிகட்டி ஆங்கிலம் என்று நினைத்துப் படிக்கும்.

இவற்றையெல்லாம் சரிசெய்தாலும் மேற்கோள் என்ற சிக்கல் எஞ்சும். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "உன்னை உயிரோடு விடமாட்டேன், வீட்டோடு கொளுத்துவேன் என்று நேற்று இரவு எனக்குச் செய்தி அனுப்பினார்" என்று ஒருவர் எழுதுகிறார். முதல் ஐந்து சொற்கள் மிரட்டல். அது மிரட்டல் இல்லை, மிரட்டப்பட்டவரின் புகார் என்பது 'என்று' வந்த பிறகுதான் தெரிகிறது. துண்டு துண்டாக வெட்டிப் படிக்கும் வடிகட்டியோ, அரைகுறையாக மொழிபெயர்த்துப் படிக்கும் வடிகட்டியோ பாதிக்கப்பட்டவரின் கணக்கைத்தான் முடக்கும். மிரட்டியவரின் செய்தி தனிப்பெட்டியில் பத்திரமாக இருக்கும். தாக்கப்பட்டவருக்கு இரண்டாவது தண்டனையைத் தளமே கொடுக்கிறது. நாங்கள் அறிந்த அநீதிகளில் இதைவிடக் கசப்பானது குறைவு.

வடிகட்டி 99 சதவீதம் துல்லியம் என்று சொல்லும்போது, கூடவே இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பதிவுகள். அவற்றில் 200 மட்டுமே உண்மையான விதிமீறல். நல்ல பதிவுகளில் 1 சதவீதத்தை மட்டுமே வடிகட்டி தவறாகப் பிடிக்கிறது. விதிமீறலில் 90 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கிறது. அப்படியானால் பிடிபடும் 1,178 பதிவுகளில் 180 மட்டுமே குற்றம், 998 குற்றமற்றவை. நூற்றுக்கு 85 பேர் காரணமின்றி மாட்டுகிறார்கள். ஆகவே வடிகட்டி பிடித்ததை மனிதர் பார்க்கும் வரிசைக்கு அனுப்புங்கள். நேரே குப்பைத் தொட்டிக்கு அனுப்பாதீர்கள். பார்க்கும் அந்த மனிதர் தமிழ் படிப்பவராக இருக்க வேண்டும், ஒரே வட்டாரத்துத் தமிழை மட்டும் அறிந்தவராகவும் இருக்கக் கூடாது. ஓரிடத்தில் உரிமையோடு அழைக்கும் சொல் இன்னோரிடத்தில் வசை.

விதிகளும் அந்த மொழியில் இருக்க வேண்டும். 2021-இல் ஒரு பஞ்சாபி மொழிப் பதிவு தொடர்பான வழக்கில், ஃபேஸ்புக்கின் நெறிகள் பஞ்சாபியிலேயே கிடைக்கவில்லை என்பதை மேற்பார்வை வாரியம் சுட்டிக்காட்டி, மொழிபெயர்க்கச் சொன்னது. படிக்க முடியாத விதியை மீறியதாக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பதை இனிமேலும் யாரும் வாரியம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டுப் புகார் பற்றிச் சுருக்கமாக: புகாரின் எண்ணிக்கை ஒரு சான்று அல்ல. பத்து நிமிடத்தில் 200 புகார் வந்தால் அது பதிவைப் பற்றி எதையும் சொல்லவில்லை. யாரோ ஒரு குழுவில் இணைப்பைப் பகிர்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. ஒரே பதிவின் மீதான எல்லாப் புகார்களையும் ஒன்றாகச் சுருட்டி ஒரு முறை மட்டும் விசாரியுங்கள். அந்தப் பதிவு தப்பு இல்லை என்று முடிவானால், அடுத்த புகாருக்குப் பழைய முடிவைக் காட்டுங்கள். புதிதாக வேறொருவரிடம் அனுப்பிச் சூதாடாதீர்கள். அடிப்படையற்ற புகார்களைத் திரும்பத் திரும்ப அனுப்புவோரின் புகார்களைச் சில காலம் ஏற்காமல் நிறுத்திவைக்க ஐரோப்பியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. மற்ற நாடுகளிலும் அதைச் செய்ய உங்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

நீக்காமல், ஓசையின்றி வீச்சைக் குறைப்பதும் ஒரு நடவடிக்கைதான். எந்தப் பதிவை மேலே காட்டுவது என்ற பொதுவான வரிசைப்படுத்தலைப் பற்றி நாங்கள் பேசவில்லை. குறிப்பிட்ட கணக்கின் மீது குறிப்பிட்ட நாளில் வைக்கப்படும் தாழ்த்தல் குறியைப் பற்றிப் பேசுகிறோம். நீக்கப்பட்டவருக்காவது நீக்கப்பட்டது தெரியும். இவருக்கு எதுவும் தெரியாது. தன் பேச்சை மக்கள் புறக்கணித்தார்கள் என்று நினைத்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிடுவார். அந்தக் குறியைக் கணக்கின் நிலைப் பக்கத்தில், தொடங்கிய தேதியோடும் முடியும் தேதியோடும் காட்டுங்கள்.

அரசுகள் உங்கள் கதவைத் தட்டும் விஷயத்துக்கு வருகிறோம். இங்கேதான் தனியார் விதியும் அரசின் தணிக்கையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நீதிமன்ற ஆணைப்படி நீக்குவது ஒரு வகை. அரசின் சட்டப்பூர்வ ஆணைப்படி நீக்குவது இரண்டாம் வகை. மூன்றாவது, ஓர் அதிகாரி சாதாரணப் பயனரைப் போலப் புகார்ப் பொத்தானை அழுத்தி, அல்லது உங்கள் ஊழியருக்கு ஒரு செய்தி அனுப்பி, "இது உங்கள் விதிப்படியே தப்புதானே, எடுத்துவிடுங்கள்" என்று சொல்வது. மூன்றாவதில் ஆணை இல்லை, எண் இல்லை, எதிர்த்து வழக்காட ஒரு தாள்கூட இல்லை. உங்கள் அறிக்கையிலும் அது 'விதிமீறல்' என்ற தலைப்பில் கரைந்துவிடும். அரசு நேரடியாகச் செய்ய முடியாத தணிக்கையை உங்கள் கையால் செய்துகொள்கிறது. தனியாரை மிரட்டிப் பணியவைத்துப் பிறர் பேச்சை ஒடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்று 2024-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இந்திய உச்ச நீதிமன்றம் 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தபோதே, நீதிமன்ற ஆணையோ அரசின் முறையான அறிவிப்போ வந்தால்தான் இடைநிலைத் தளம் நீக்கியாக வேண்டும் என்று தெளிவாக்கிவிட்டது. வாய்மொழி வேண்டுகோளுக்கு நீங்கள் கட்டுப்பட்டவர்கள் அல்ல. எழுத்தில் கேளுங்கள். வந்த வழியைப் பயனருக்கான அறிவிப்பில் போடுங்கள். ரகசியம் காக்கச் சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில், 'அரசின் கோரிக்கை' என்ற வகையின் கீழ் எண்ணிக்கையையாவது வெளியிடுங்கள். ஒரு நாட்டின் ஆணைக்காக உலகம் முழுவதும் நீக்காதீர்கள். அந்த நாட்டுக்குள் மட்டும் மறையுங்கள்.

இத்தனையையும் எல்லோரிடமும் கேட்கவில்லை. 200 பேர் உள்ள குழுவை மாலை நேரத்தில் நடத்துகிற ஒருவர் மேல்முறையீட்டுக் குழு அமைக்கத் தேவையில்லை. அவர் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டவர் பக்கத்திலேயே இன்னொரு குழு தொடங்கலாம். கோடிக்கணக்கானோர் கூடும் தளத்திலிருந்து வெளியேற்றப்பட்டவருக்கு அப்படிப் 'பக்கம்' என்று ஒன்று இல்லை. அளவு கூடும்போது கடமையும் கூட வேண்டும். ஐரோப்பியச் சட்டம் 4.5 கோடிப் பயனர் என்ற எல்லையை வைத்தது அதனால்தான்.

அந்தச் சட்டப்படி மிகப் பெரிய தளங்கள், ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மட்டுறுத்துநர்கள் இருக்கிறார்கள் என்று வெளியிடுகின்றன. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்களிடம் நேரடியாகக் கேட்கிறோம். தமிழ் படித்து முடிவெடுக்கும் பணியாளர்கள் உங்களிடம் எத்தனை பேர்? கடந்த ஓராண்டில் நீக்கிய தமிழ்ப் பதிவுகளில் எத்தனையை மனிதர் பார்க்காமலே எந்திரம் நீக்கியது? மேல்முறையீட்டுக்கு வந்த தமிழ்ப் பதிவுகளில் எத்தனை சதவீதம் திரும்ப வைக்கப்பட்டன? முறையீட்டுக்கும் முடிவுக்கும் நடுவில் நடுமதிப்பாக எத்தனை மணி நேரம் ஆனது? அரசின் கோரிக்கையால் நீக்கியவை எத்தனை, அவற்றில் எழுத்துப்பூர்வ ஆணை இருந்தவை எத்தனை?

ஐந்து எண்கள். எல்லாம் உங்கள் தரவுத்தளத்தில் இருப்பவை. ஆண்டுக்கு இரு முறை, தமிழிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் இணையவெளியில் மட்டுறுத்தலையும் நீக்கல் முறையீடுகளையும் கையாளும் சிலர்